மூக்குக்குச் சாப்பிட்ட மாத்திரை

நவம்பர் 27, வியாழன்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் கப்பலில் இப்போது பகலோ இரவோ, இங்கே தூத்துக்குடியில் தெருநாய்கள்கூடக் குரைத்து ஓய்ந்துவிட்டன. பாப்பா தூங்கிய பிறகுதான் எனக்குக் கை கிடைக்கிறது. அதுவும் ஒரு கைதான். இன்னொன்று அவள் தலைக்கு அடியில் இருக்கிறது. ஃபோனில் கட்டைவிரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் விரலைத் திட்டுங்கள்.

"நடக்கிறதையெல்லாம் தினமும் எழுதிவை, நெட் கிடைக்கிற துறைமுகம் வந்ததும் மொத்தமா அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினீர்கள். எழுதுகிறேன். முதல் செய்தி, உங்கள் அப்பா வந்து இறங்கிவிட்டார். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பை, ஒரு குடை, பேத்திக்கு ஒரு படி வறுகடலை. பேத்திக்கு எட்டு மாதம், ஒன்றரைப் பல். கடலையை நானே தின்றுகொண்டிருக்கிறேன்.

அடுத்த செய்தி, அவர் என்னோடு பேசவில்லை. கோபம் இல்லை, உங்கள் வீட்டு வழக்கம். மருமகளிடம் நேராகப் பேசினால் மரியாதை குறைந்துவிடுமாம். அத்தை இருந்தவரை எல்லாம் அத்தை வழியாக வந்தது. இப்போது பாப்பா வழியாக வருகிறது.

"ஏட்டி குட்டி, ஒங்கம்மாட்ட சொல்லு, காப்பியில சீனி கொறைவு."

பாப்பா என்னைப் பார்த்து எச்சில் வடித்தாள். செய்தி கிடைத்தது, சீனி போட்டேன். நானும் அவள் தலைக்கு மேலாகவே பதில் அனுப்புகிறேன். "தாத்தாட்ட கேளு, இன்னொரு தோசை வேணுமான்னு." பேச்சு வராத ஒருத்தியை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் நடக்கிறது.

எனக்குத் துணைக்கு ஒரு மாதம் இருப்பார் என்பது உங்கள் ஏற்பாடு. யாருக்கு யார் துணை என்று இப்போதே கேட்டுவைக்கிறேன்.

நவம்பர் 29, சனி

பாப்பா இன்று ஆறு டயப்பர் நனைத்தாள். நேற்று ஏழு. ஒன்று குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் மத்தியானம் முழுக்க யோசித்தேன். கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஏம்மா செண்பகம், நாலு பிள்ள பெத்தவ நான். அதுங்க எத்தன தடவ போச்சுன்னு எந்த நாளாவது எண்ணியிருப்பேனா? நனைஞ்சா மாத்துவேன், அம்புட்டுத்தான்."

அவர்கள் என்னைப்போல பி.ஃபார்ம் படிக்கவில்லை, அதனால் நிம்மதியாக இருக்கிறார்கள்.

டிசம்பர் 1, திங்கள்

உங்கள் அப்பாவுக்கு என் ரசம் பிடிக்கவில்லை.

முதல் நாள் அரைக் கரண்டி விட்டுக்கொண்டார். அடுத்த நாள் இலையை மறைப்பதுபோலக் கையை நீட்டினார். இன்று, "ஏட்டி, ரசம் வேண்டாம்னு சொல்லு. மோரும் வேண்டாம்." சாம்பாரையும் தொட்டுக்கொள்வதோடு சரி. சாயங்காலக் காப்பி பாதி டம்ளர் மிஞ்சியது. மிளகைக் கூட்டினேன், புளியைக் குறைத்தேன், என் அம்மாவுக்கு ஃபோன் செய்து பூண்டு தட்டிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. திருட்டு பீடியோ என்று சந்தேகப்பட்டு, அவர் வந்ததும் உள்ளே போய் மோந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான். ராத்திரியும் நாலைந்து தடவை அந்த விளக்கு எரிகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. பால்கனியில் பதினைந்து அகல் வைத்தேன். காற்றில் ஏழு மிஞ்சியது. ஊரெல்லாம் சளி. பாப்பா காலையில் இரண்டு தும்மல் போட்டாள். எனக்கு உயிர் பாதி போய்விட்டது. உடனே சட்டம் போட்டேன். மூக்கு ஒழுகுகிறவர் யாராக இருந்தாலும், மூக்கு காய்கிறவரை பாப்பாவைத் தூக்கக்கூடாது. ஸ்டெல்லா அக்காவுக்கும் இதுதான், பால்காரருக்கும் இதுதான். பால்காரர், "நான் எப்பம்மா தூக்குனேன்?" என்றார்.

சட்டத்தைப் பாப்பாவிடம் சத்தமாக வாசித்தேன், போய்ச் சேரவேண்டிய காதுக்குப் போய்ச் சேரும் என்று. சேர்ந்தது. விளக்கு வைத்து முடிந்ததும் உங்கள் அப்பா ஒரு தும்மல் போட்டுவிட்டு, டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட பயணிபோல முழித்தார். முப்பது வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக அப்படிப்பட்ட முழிகளைப் பிடித்தவரல்லவா, அவருக்கே அந்த முழி வந்தது வேடிக்கையாக இருந்தது.

"எண்ணெய்ப் பொகைன்னு சொல்லுட்டி."

பாப்பாவை என் இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவர் காலியான கைகளை ஒன்றும் செய்யத் தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 5, வெள்ளி

மாமாவின் மூக்கு பாலைவனம்போலக் காய்ந்திருக்கிறது. நேற்றிலிருந்து பாப்பா மறுபடி அவர் மடியில். சட்டம் போட்டால் உடம்பும் கேட்கிறது, பாருங்கள். உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார், அது வயது.

டிசம்பர் 6, சனி

மத்தியானத்துக்குப் பிறகு காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

டிசம்பர் 7, ஞாயிறு

பயப்படாமல் படியுங்கள். எல்லாரும் நலம். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

காலையில் நான் இட்லி எடுத்துக்கொண்டிருந்தபோது உங்கள் அப்பா வெள்ளைச் சட்டையும் பையும் குடையுமாக வாசலில் நின்றார். பாப்பா தரையில் ஒரு கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒங்கம்மாட்ட சொல்லு. தாத்தா ஊருக்குப் போயிட்டு வாராவளாம்."

ஒரு மாதம் இருக்க வந்தவர் பத்து நாளில் கிளம்புகிறார். எனக்கு ரசம்தான் ஞாபகம் வந்தது. கதவை மறித்து நின்றேன்.

"தாத்தாட்ட கேளு, இங்க என்ன கொறையாம்?"

"ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு."

"பின்ன ரசத்தத் தொடாம இருந்தது எதுக்காம்? ஊர்ல போயி மருமக சமையலு வாயில வைக்க முடியலன்னு சொல்லவாம்?"

"ரசமா? ரசத்துக்கும் இதுக்கும் என்ன..." என்றவர் பாதியில் நிறுத்திக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்த நேரம் ஸ்டெல்லா அக்கா ஆட்டுக்கறிக் குழம்புக் கிண்ணத்தோடு படியேறி வந்தார்கள். "என்ன அண்ணாச்சி, கெளம்பியாச்சா? ஐயோ, மொகமெல்லாம் ஏன் இப்பிடி வேத்துக் கெடக்கு?"

அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார். நம் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

"செண்பகம், எனக்கு நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணுக்குப் போவல. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. ஊர்ல நம்ம டாக்டர்ட்ட போயிருதேன்."

"மூணு மணி நேரம் பஸ்ஸுலயா மாமா?"

"உக்காரத்தான் முடியல. நின்னுக்கிட்டே போயிருவேன். எனக்குப் பழக்கம்தான்."

மருமகளிடம் இதைச் சொல்வதற்குப் பதிலாக, வெடிக்கிற வயிற்றோடு நூறு கிலோமீட்டர் நின்றுகொண்டு போகத் தயாராக இருந்தார் உங்கள் அப்பா. இந்த மரியாதையை உங்கள் குடும்பத்தில் யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைப் பார்க்க வேண்டும் எனக்கு.

ஸ்டெல்லா அக்கா குழம்பை என் கையில் திணித்துவிட்டுப் பாப்பாவை எடுத்துக்கொண்டார்கள். "நீ ஆட்டோவப் பிடி. மூக்கு ஒழுகலம்மா எனக்கு, பாத்துக்க." ஆட்டோவில் ஏறிய பிறகுதான் குழம்பும் கூட வருகிறது என்று தெரிந்தது. இதயம் காதுக்குள் அடித்தது. மாடிப்படி ஏறியதால் இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் இறங்கியல்லவா வந்தோம்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் இளம் பெண். உங்கள் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். திரைக்குப் பின்னால் ஓர் ஆண் நர்ஸ் போய்க் குழாய் வைத்தார். பிறகு, "முருகா..." என்று ஒரு நீண்ட பெருமூச்சு.

"ஒரு லிட்டர் தாண்டிட்டு, இன்னும் வருது" என்றார் நர்ஸ்.

"வரட்டும், வரட்டும். பஸ் ஸ்டாண்டு வந்தா எல்லாரும் எறங்கத்தான செய்வாவ" என்றது உங்கள் அப்பாவின் குரல். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் விசாரித்தார். ஒரு வருடமாகவே தடையாம். நின்று நின்று சொட்டுச் சொட்டாகத்தான் போகுமாம், ராத்திரி நாலைந்து தடவை எழ வேண்டுமாம். மருமகள் வீட்டில் அடிக்கடி குளியலறைக்குப் போவது அசிங்கம் என்று தண்ணீர், மோர், ரசம் எல்லாவற்றையும் குறைத்திருக்கிறார். என் ரசத்தில் குற்றம் இல்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

"சரி ஐயா, இப்ப திடீர்னு முழுசா அடைக்க ஏதாவது காரணம் இருக்கும். புதுசா மாத்திரை எதுவும் போட்டீங்களா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். முக்கால்வாசி காலி. சளி மாத்திரை.

"மூக்குக்குப் போட்டது டாக்டரம்மா. மெடிக்கல்ல கேட்டு வாங்குனேன். ஒண்ணு போட்டா மதியம் வரைக்குந்தான் நிக்கி, அதான் ரெண்டு ரெண்டாப் போட்டேன்."

"லேசான சளிக்கு எதுக்கு இவ்வளவு?"

"மூக்கு ஒழுகுனா எங்க வீட்டுல பிள்ளையத் தூக்க விடமாட்டாவ."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? "டாக்டரம்மா, இவ கையையும் பிடிச்சுப் பாருங்க. ராத்திரி நான் எந்திரிக்கும்போதெல்லாம் பாக்கேன். பிள்ள மூக்குகிட்ட வெரல வச்சு மூச்சு வருதா வருதான்னு உக்காந்திருக்கா. தூங்குததே இல்ல." டாக்டர் பிடித்துப் பார்த்தார். நாடி நூற்றுப் பன்னிரண்டு. காலையில் காப்பி குடித்ததால்தான். குடித்தேனா என்று சரியாக ஞாபகம் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

குழாயும் பையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். வியாழக்கிழமை குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். தானாகப் போனால் மாத்திரையோடு தப்பித்தார். போகாவிட்டால் மறுபடி குழாய், பிறகு ஆபரேஷன். அவருக்கு இதயத்தில் பழைய கோளாறு இருப்பதால் மயக்க மருந்துக்கு டாக்டர் தயங்குகிறார். எல்லாம் வியாழனில் இருக்கிறது.

இன்று காலை நேராக என்னிடமே கேட்டார். "ஏம்மா, அது மூக்குக்குச் சாப்பிட்ட மாத்திரைதான? அது எதுக்குக் கீழ போயி வேல செஞ்சுது?"

இதே வகை மாத்திரையை ஆய்வகத்தில் கரைத்துக் கரைத்துத் தரம் பார்த்தவள் நான். உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எஞ்சினுக்கு எத்தனை வால்வு என்று தெரியும் உங்களுக்கு, பெற்ற தகப்பனுக்கு எத்தனை என்று தெரியாது.

நம் செல்களின் மேல் காதுகள் மாதிரிச் சில இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஏற்பி என்று இருக்கும், நாங்கள் ரிசெப்டர் என்போம். உடம்பு பதறும்போது அட்ரினலின் என்ற விசில் ஊதப்படுகிறது. விசில் ஒன்றுதான், கேட்கிற காதுதான் வேறு வேறு. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா காது கேட்டால் குழாய் சுருங்கும். இதயத்தில் இருக்கும் பீட்டா காது கேட்டால் இதயம் ஓடும். மூத்திரப்பையின் கழுத்திலும் ஆல்ஃபா காதுதான். அது கேட்டால் கழுத்து இறுகிக்கொள்ளும். பையின் சுவரில் வேறொரு பீட்டா காது இருக்கிறது, அது கேட்டால் சுவர் தளர்ந்து இடம் கொடுக்கும். புலி துரத்தும்போது யாருக்கும் ஒண்ணுக்குப் போக நேரமில்லை அல்லவா?

சளி மாத்திரையில் உள்ள மருந்து அந்த விசிலைப்போலவே ஊதும், ஆல்ஃபா காதுகளுக்கு மட்டும். மூக்கின் ரத்தக்குழாய் கேட்டுச் சுருங்கியது, ஒழுகல் நின்றது. மூத்திரப்பையின் கழுத்தும் கேட்டது, அதுவும் இறுகியது. வயதால் பெருத்த புராஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே அந்த வழியைப் பாதி அடைத்து வைத்திருந்தது. அதே மாத்திரையில் தூக்கம் வரவைக்கும் இன்னொரு மருந்தும் இருக்கிறது. அது பையைப் 'பிழி' என்று சொல்லும் சேதி சுவரின் காதில் விழாமல் பொத்திவிடும். ஒன்று கதவைச் சாத்தியது, இன்னொன்று கதவைத் தள்ளுகிறவனைச் செவிடாக்கியது.

உங்கள் அப்பா கவனமாகக் கேட்டார். "சரிதாம்மா. நான் விசில் ஊதுனா டிரைவரு வண்டிய எடுப்பாரு, உள்ள நிக்கவன் கம்பியப் பிடிப்பான், டீக்கடையில நிக்கவன் கிளாஸப் போட்டுட்டு ஓடியாருவான். ஊதுனவன் ஒருத்தன்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப ஒன் நெஞ்சு ஓடுததுக்கு எந்த மாத்திர?"

என்னுடையது அசல் அட்ரினலின், மாமா. கப்பல்காரர் பெண்டாட்டிக்கு அது தட்டுப்பாடில்லாமல் சுரக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை. காப்பி என்று சொன்னேன்.

டாக்டர் இப்போது கொடுத்திருக்கும் புது மாத்திரை நேர் எதிர். பைக் கழுத்தின் ஆல்ஃபா காதைப் பொத்தும், கதவு தளரும். ஆனால் ரத்தக்குழாயின் காதுகளையும் கொஞ்சம் பொத்திவிடும். சட்டென்று எழுந்தால் கால் பக்கத்துக் குழாய்கள் உடனே சுருங்காது, ரத்தம் கீழே தங்கிவிடும், தலை சுற்றும். அதனால் ராத்திரி படுக்கும்போது சாப்பிட வேண்டும். எழும்போது கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து எழ வேண்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழவே கூடாது.

"அப்ப தூக்கவே கூடாதா?" முகம் விழுந்துவிட்டது.

"உக்காந்து வாங்கிக்கிடுங்க மாமா. நான் கொண்டாந்து தாரேன்."

சளிச் சட்டமும் திருத்தப்பட்டுவிட்டது. மூக்கு ஒழுகினால் முகமூடி போட்டுக்கொண்டு தூக்கலாம். சளி மாத்திரைக்குத்தான் தடை.

டிசம்பர் 9, செவ்வாய்

குழாயோடு வந்த பையை ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பைக்குள் ஒளித்து மாட்டிக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறது. பாப்பா குழாயைப் பிடித்து ஒரு தரம் இழுத்தாள். நானும் அவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ரசம் இரண்டு டம்ளர் குடித்தார்!

டிசம்பர் 11, வியாழன்

காலையிலேயே குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், அளவு போட்ட ஜாடியில் போக வேண்டும். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் மறுபடி குழாய்.

இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். உள்ளே போனார், வந்தார், தலையை ஆட்டினார். மறுபடி போனார், வந்தார். "ஆள் நிக்காவன்னு நெனச்சாலே வரமாட்டேங்கு" என்றார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை போனேன். எனக்குப் பதற்றம் இல்லை. பாப்பாவின் டயப்பரை மட்டும் மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் காய்ந்திருந்தது. இந்தக் குடும்பத்தில் இன்றைக்கு யாருக்குமே வராதோ என்று நின்றேன். ஆபரேஷன் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது, உங்களை எப்படிப் பிடிப்பது, மயக்கத்திலிருந்து எழாவிட்டால் உங்களுக்கு எந்த வார்த்தையில் எழுதுவது என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன்.

அப்போது கதவு திறந்தது. ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் தாண்டி உங்கள் அப்பா கத்தினார்.

"செண்பகம்! முந்நூறு!"

முழு வராந்தாவும் திரும்பிப் பார்த்தது. வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "நமக்கு நூத்தம்பதுதான் அண்ணாச்சி, குடுத்துவச்சவரு நீங்க" என்று பெருமூச்சு விட்டார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நர்ஸ் வந்து, ஏம்மா அழுகிறீர்கள் என்று கேட்டார். அவருக்குப் பார்வை சரியில்லை.

ஸ்கேனில் மிச்சம் கொஞ்சம்தான் நிற்கிறதாம். ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. மாத்திரையைத் தொடர வேண்டும், இரண்டு வாரத்தில் காட்ட வேண்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

பையை மறுபடி எடுத்து வைத்துவிட்டார். திங்கள் காலை பஸ்ஸாம்.

"தொணைக்குன்னு வந்தேன். ஒனக்குச் சொமையாப் போயிட்டேன்."

"சொமையெல்லாம் இல்ல மாமா. இருங்க."

"நீ மரியாதைக்குச் சொல்லுத."

"நமக்குள்ள இனிமே என்ன மரியாதை மாமா? முந்நூறுன்னு ஊரக் கூட்டிச் சொன்னியளே."

சிரித்தார். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். "எம்மவன் சங்கரன் சொல்லட்டும். அவன் இருன்னு சொன்னா இருக்கேன்."

அதனால்தான் இதையெல்லாம் இப்போதே அனுப்புகிறேன். நாளை உங்கள் கப்பல் துறைமுகம் தொடும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அவர் இருப்பதற்கான காரணங்கள் நியாயமானவை. இரண்டு வாரத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும். தலைசுற்றி விழுந்தால் சங்கரன்கோவில் வீட்டில் தூக்க ஆள் இல்லை. பாப்பாவும் பழகிவிட்டாள், அவர் மடியில்தான் கூழ் குடிக்கிறாள்.

இன்னொரு காரணம், அவ்வளவு முக்கியமில்லை. நேற்று ராத்திரி அவர் இரண்டு தடவைதான் எழுந்தார். விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழுந்து, குளியலறை விளக்கைப் போட்டார். திரும்பும்போது எங்கள் அறை வாசலில் நின்று, "மூச்சு வருது, நீ தூங்கு" என்றார். நானும் பாப்பா மூக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். பிறகு விடியும்வரை தூங்கிவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று உங்களுக்குத் தெரியவேண்டாம்.

"அப்பா, இருங்க" என்று ஒரு வரி போதும். திங்கள் காலை பஸ்ஸுக்கு முன்னால் வர வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.